செப்புத்தகட்டில் யுத்தத்தைக் கீறுவது பற்றி: எச்சிங் எங்கள் மாணவர்களுக்கு எதைக் கொடுக்கும்?

பதிவு 1 | கல்லடிச் சித்திர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குச் சித்திர பாடம் கற்பிக்கிறேன். சென்ற தவணையில், ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1810-க்கும் 1820-க்கும் இடையில் செய்த ‘யுத்தத்தின் பேரழிவுகள்’ என்னும் எச்சிங் (செப்புத்தகட்டைத் திராவகத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) தொடரிலிருந்து, அதாவது ஸ்பெயினில் நெப்போலியனின் படையோடு நடந்த யுத்தத்தைப் பற்றிய தொடரிலிருந்து, பத்துப் படங்களை வகுப்பில் காட்டினேன். படங்களைப் பார்த்து முடித்ததும் இரண்டு மாணவிகள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டுக்கும் என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை.

முதலாமவள், “கமரா இல்லாத காலத்தில் கீறினார்கள் மிஸ், எல்லோருடைய கையிலும் போன் இருக்கும்போது எதற்காகச் செம்பையும் திராவகத்தையும் தேட வேண்டும்?” என்றாள். மற்றவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கட சித்தப்பாவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. அவரை இப்படிக் கீறலாமா?” என்று கேட்டாள்.

வரும் விடுமுறையில் 12 மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு பயிற்சி நடத்த எண்ணியிருக்கிறேன். எங்கள் உள்நாட்டு யுத்தத்தில் மனிதர்கள் இழந்தவற்றைக் காட்ட எச்சிங் பொருத்தமானதுதானா என்பதையும், எங்கள் ஊரில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு அதைச் செய்ய முடியுமா என்பதையும் விடயம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். எந்தத் தரப்பு என்ற வாக்குவாதம் இந்த இழையில் வேண்டாம் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 | செப்புத்தகடு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் படம் வரைவதில்லை, கீறுவார்கள். முள் காலில் இழுத்தாலும் கீறல், பென்சிலால் முகம் போட்டாலும் கீறல். சென்னையில் அச்சோவியம் பயின்ற நாட்களில் இந்தச் சொல்லுக்காக என்னைக் கேலி செய்தார்கள். எச்சிங் கூடத்தில் ஊசியைக் கையில் எடுத்த அன்று, எங்கள் சொல்தான் இந்த வேலைக்கென்றே பிறந்தது என்று எனக்குப் பட்டது.

ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மெருகிட்ட செப்புத்தகட்டின் மேல் தேன்மெழுகும் தாரும் பிசினும் சேர்ந்த ஒரு பூச்சைத் தடவி, அந்தப் பூச்சைத்தான் ஊசியால் கீறுகிறோம். ஊசி செம்பைக் குடைவதில்லை. குடைவது அதன்பின் வரும் திராவகம். கை ஓய்ந்த பிறகும், நீங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும், கோடு ஆழமாகிக்கொண்டே இருக்கும். மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷால் மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி திராவகத்தில் விடுகிறோம். ஆகவே அச்சில் மிகக் கறுப்பாகத் தெரிவது, மிக நீண்ட நேரம் கடிபட்ட இடம். கோடே இல்லாத இருட்டு வேண்டுமானால், ரோசின் தூளைத் தகட்டின் மேல் மெல்லியதாகப் படியவிட்டுச் சூடாக்கி, அந்தத் துணிக்கைகளுக்கு இடையில் திராவகத்தைக் கடிக்க விட வேண்டும். இதை அக்குவாடின்ட் என்பார்கள். பிறகு தகடெங்கும் மையை அப்பித் துணியால் துடைத்தெடுத்தால் மேற்பரப்பில் உள்ளது போய்விடும், பள்ளத்தில் உள்ளது தங்கும். நனைத்த தாளை வைத்து உருளைகளுக்கிடையில் அழுத்தும்போது, தாள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருகிறது. காய்ந்த அச்சைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியும்.

இனி யுத்தத்துக்கு வருவோம். லொரெய்ன் சிற்றரசைச் சேர்ந்த ஷாக் கலோவின் 18 படங்கள் கொண்ட தொடர் 1633-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சுப் படை அவருடைய நான்சி நகருக்குள் நுழைந்தது. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 8 செ.மீ. உயரமும் 18 செ.மீ. நீளமும் கொண்டது, ஓர் ஏ4 தாளில் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய மரம், சுற்றிலும் கூட்டம், திருவிழா போலத் தெரியும். தாளை முகத்துக்கருகே கொண்டுவந்தால்தான் மரத்தில் தொங்குபவை காய்களல்ல, மனிதர்கள் என்று புரியும். கீழே உள்ள செய்யுளும் அவர்களைக் கனிகளுக்குத்தான் ஒப்பிடுகிறது. பெரிய சுவரோவியம் எதுவும் உங்கள் முகத்தைத் தன்னருகே இப்படி இழுப்பதில்லை.

கோயாவிடம் வரும்போது அந்தக் கூட்டமே காணாமல் போய்விடுகிறது. 26-ஆம் படத்தில் சிலர் முழந்தாளிட்டுக் கெஞ்சுகிறார்கள், ஒருத்தி முகத்தைப் பொத்துகிறாள். வலது ஓரத்தில் துப்பாக்கிகளின் கத்திமுனைகள் மட்டும் சட்டத்துக்குள் நீண்டிருக்கின்றன. பிடித்திருக்கும் கைகள் இல்லை, சீருடை இல்லை. கீழே ‘இதைப் பார்க்க இயலாது’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் முதல் மாணவிக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான்: இப்படியொரு கணத்தில் படம் பிடிக்கக்கூடிய நிலையில் இருப்பவன் பெரும்பாலும் துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் நிற்பவன். அப்படிப்பட்ட படங்கள் எங்கள் போன்களுக்கும் வந்தன. யார் எடுத்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். கீறுபவனுக்கோ, அந்தப் பக்கத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும் உரிமை இருக்கிறது.

பதிவு 3 | படுவான்கரை மகன்

ஐயாவின் விளக்கத்தைப் படித்துப் பலவற்றைத் தெரிந்துகொண்டேன். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை.

கலோவின் தொடர் எப்படி முடிகிறது? அரசன் சிங்காசனத்தில் இருந்து நல்ல சிப்பாய்களுக்குப் பரிசு கொடுப்பதோடு முடிகிறது. கோயா என்ன செய்தார்? நெப்போலியனின் அண்ணன் மட்ரிட்டில் அரசனாக இருந்தபோது அந்த அரசனிடமே விருது வாங்கிக்கொண்டு, இந்தத் தகடுகளைத் தன் வீட்டுக்குள் வைத்திருந்தார். அவர் 1828-இல் இறந்தார்; படங்கள் பொதுமக்களுக்குக் கிடைத்ததோ 1863-இல். முதலாம் உலக யுத்தத்தில் இயந்திரத் துப்பாக்கி ஏந்திய ஒட்டோ டிக்ஸ் 1924-இல் ‘யுத்தம்’ என்று 50 எச்சிங்குகளை வெளியிட்டார். அவை ஐந்து பெட்டிகளில் பத்துப் பத்தாக, 70 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டு, வசதியுள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்தன. செத்தவனின் முகத்தில் புழு ஊர்வதை எவ்வளவு நேர்த்தியாகக் கீறினாலும், அது கடைசியில் யாரோ ஒருவரின் வரவேற்பறைக்குத்தான் போகிறது.

எங்கள் பக்கத்தில் எங்களுக்குத் தேவையானது பெயர், வயது, ஊர், திகதி. மகிழடித்தீவில் கொல்லப்பட்டவர்களுக்காக உள்ள நினைவுத்தூணுக்கு முன்னால் வந்து நிற்கும் தாய்மார் அச்சோவியம் பார்க்க வருவதில்லை. காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழு ஒன்றின் முன் ஒரு மங்கிய புகைப்படத்தையாவது நீட்டலாம். எச்சிங்கைக் கொண்டுபோய் எந்த மேசையில் வைப்பது?

பதிவு 4 | செப்புத்தகடு

தம்பி சொன்னதில் மறுப்பதற்கு அதிகமில்லை. எச்சிங் சாட்சியமாகாது, அதை ஆணைக்குழுவின் மேசையில் வைக்க முடியாது. கோயா 44-ஆம் படத்தின் கீழ் ‘இதை நான் கண்டேன்’ என்றும், அடுத்ததன் கீழ் ‘இதுவும்’ என்றும் எழுதினார். அவற்றை உண்மையிலேயே கண்டாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனினும் 1811-12-இல் மட்ரிட்டைப் பஞ்சம் பிடித்தபோது அவர் அந்நகரிலேயே இருந்தார். ஏறத்தாழ 20,000 பேர் மாண்ட அந்தப் பஞ்சத்துக்கு அவர் 48 முதல் 64 வரையான படங்களை ஒதுக்கினார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். யுத்தம் என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு, தொடரின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பசிக்குப் போயிருக்கிறது என்று காட்டலாம். செம்பு தட்டுப்பாடாக இருந்தபடியால், தான் முன்பு செய்த இயற்கைக் காட்சித் தகடுகள் இரண்டை வெட்டி, அவற்றின் பின்புறத்தில் இந்தப் படங்களைக் கீறினார். அழகிய மலையின் முதுகில் பிணம். அதை அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை, கையில் இருந்த செம்பு அவ்வளவுதான்.

வீட்டுக்குள் வைத்திருந்தது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தகடு காத்திருக்கக்கூடிய பொருள். 1937-இல் அதே மட்ரிட் உள்நாட்டு யுத்தத்தில் முற்றுகைக்குள் இருந்தபோது, அதே தகடுகளை எடுத்து மறுபடியும் அச்சிட்டார்கள்.

டிக்ஸ் பற்றி ஒரு திருத்தம்: பதிப்பாளர் 24 படங்களை மலிவான நூலாகவும் வெளியிட்டார். தம்பி கேட்கும் ஊரும் திகதியும் டிக்ஸிடம் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காயப்பட்டவன் ஒருவனின் படத்துக்கு அவர் வைத்த தலைப்பிலேயே 1916 இலையுதிர்காலம் என்றும் பப்போம் என்ற ஊர்ப் பெயரும் உள்ளன. பெயர்ப் பதிவேட்டைப் போன்ற தலைப்பு. அதற்கு மேலே, திராவகம் வேண்டுமென்றே அளவுக்கு மீறிக் கடிக்க விடப்பட்டு அழுகிய தோல் போலாகிவிட்ட செம்பு.

பதிவு 5 | தம்பிலுவில் அக்கா

இந்த இழையில் எழுதுவதற்கு எனக்குச் சித்திர அறிவு கிடையாது. ஆனால் ஜேர்மனியரான கேத்தே கொல்விட்ஸின் ‘போர்க்களம்’ என்னும் எச்சிங்கை ஒரு நூலில் பார்த்த நாள் தொடக்கம் அது என்னை விடவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

1990-இல் எனக்கு ஒன்பது வயது. மாமா வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள், வயல் வெட்டையில் சிலர் கிடக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். பகலில் போக முடியாது. அம்மம்மா அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு இருட்டியபின் போனார். ஒவ்வொருவரின் தாடையையும் விரலால் நிமிர்த்தி, லாம்பை அருகே பிடித்துப் பார்த்தார் என்று பெரியம்மா பின்னாளில் சொன்னார். மாமா அங்கே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை எங்கேயும் இல்லை.

கொல்விட்ஸின் படத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இருட்டு. குனிந்த ஒரு தாய். அவளுடைய விளக்கு வெளிச்சம் அவளுடைய கையிலும், அந்தக் கை தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொடியனின் தாடையிலும் மட்டும் விழுகிறது. அந்தக் கையை நான் அறிவேன். அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் பின்னர் வாசித்தறிந்தவை: அந்தப் படம் 1907-இல் செய்யப்பட்டது, பதினாறாம் நூற்றாண்டில் ஜேர்மன் விவசாயிகள் நடத்திய கிளர்ச்சி பற்றிய ஏழு படத் தொடரில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பே, 1903-இல், ஏழு வயதான தன் மகன் பீட்டரை மடியில் கிடத்திக் கண்ணாடியில் பார்த்து, இறந்த பிள்ளையோடு இருக்கும் தாயைக் கீறியிருக்கிறார். அந்தப் பீட்டர் 1914 ஒக்டோபரில் பெல்ஜியத்தில், 18 வயதில், யுத்தத்தில் இறந்துபோனான். அதன்பிறகு யுத்தத்தைப் பற்றி அவர் 1921-22-இல் செய்த ஏழு படங்களும் மரச்செதுக்கு அச்சுகள், எச்சிங்கை விட்டுவிட்டார். தன் சொந்தப் பிள்ளை போனபின் எச்சிங் போதாது என்று அவர் நினைத்தாரா, ஐயா?

பதிவு 6 | செப்புத்தகடு

தங்கச்சிக்கு உடனே விடை எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

அவர் எச்சிங்கிலும் கல்லச்சிலும் முயன்று பார்த்துத்தான் மரத்துக்குப் போனார். மரத்தில் வெட்டி எறிந்தது வெள்ளையாகும், விட்டுவைத்தது கறுப்பாகும். நடுவில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. அந்த ஏழு படங்களிலும் போர்க்களமே இல்லை என்பதைக் கவனியுங்கள்: பெற்றோர், விதவை, பிள்ளைகளைச் சுற்றி அணைத்து நிற்கும் தாய்மார். தேடிக்கொண்டிருக்கும் இரவுக்கு எச்சிங் தேவைப்பட்டது. செய்தி வந்துவிட்ட வீட்டுக்கு மரம் தேவைப்பட்டது. இது என் ஊகம் மட்டுமே. உங்கள் அம்மம்மாவுக்குச் செய்தி வரவே இல்லை என்பதால், அவருடைய படம் இன்னும் எச்சிங்கில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 7 | காத்தான்குடி வாசகன்

தரப்புப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று மிஸ் கேட்டிருக்கிறார். அந்த வேண்டுகோளை மதிக்கிறேன். ஆனால் கோயா அதை மதிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தொடரின் 2-ஆம் படத்தில், வரிசையாய் நிற்கும் படையினர் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வரும் ஊர்க்காரரைச் சுடுகிறார்கள். அடுத்த படத்தில், ஊர்க்காரன் கோடரியை ஓங்கி நிற்கிறான். அடியில் கிடப்பவன் படைவீரன். அந்த 3-ஆம் படத்துக்குக் கோயா எழுதிய தலைப்பு ‘அதேதான்’. ஸ்பானியனாகிய அவர், தன் சொந்த மக்களின் கையைப் பார்த்து எழுதிய சொல் அது. கலோவும் விவசாயிகள் பழிவாங்குவதைக் கீறியிருக்கிறார். தனிப்படம் ஒன்றால் இதைச் செய்ய முடியாது. பக்கத்தைப் புரட்டியவுடன் முதல் படத்துக்கு இரண்டாவது படம் பதில் சொல்லும் தொடர்தான் இதைச் செய்யும்.

1990 ஓகஸ்ட் 3-ஆம் திகதி இரவு, இஷாத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டார்கள். சுவரில் சன்னம் துளைத்த அடையாளங்கள் பூசி மறைக்கப்படாமல் இன்றும் இருக்கின்றன. அடுத்த ஐந்து வாரங்களுக்குச் சற்று மேலான காலத்தில் ஏறாவூர், வீரமுனை, வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் என்று ஊர் ஊராகக் கொலைகள் தொடர்ந்து அந்த வருடம் எப்படிப் போனது என்பதை இங்கே எழுதும் எல்லோரும் அறிவோம். எங்கள் ஊரில் மனித உருவம் கீறுவதற்குப் பலருக்குத் தயக்கம் உண்டு, நானும் கீறுவதில்லை. ஆனால் ஐயாவின் முதல் பதிவை வாசித்தபோது, பள்ளங்கள் விழுந்த அந்தச் சுவரே ஒரு தகடு என்று எனக்குப் பட்டது. மெல்லிய தாளை அதன் மேல் வைத்துக் கரியால் தேய்த்தால், உருவம் எதுவும் இல்லாமலேயே ஓர் அச்சு கிடைக்கும்.

மிஸ்ஸிடம் என் கேள்வி நேரடியானது: அந்த 12 பேரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்களா?

பதிவு 8 | படுவான்கரை மகன்

காத்தான்குடி நண்பரின் பதிவை நேற்று இரவு வாசித்துவிட்டுப் பதில் எழுதி அழித்தேன். இன்று காலையில் மறுபடி எழுதுகிறேன்.

‘அதேதான்’ என்ற சொல்லை நான் சொல்லமாட்டேன். என் குடும்பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்களை எந்தத் தராசிலும் யாரோடும் சேர்த்து வைக்க எனக்கு மனம் வராது. படையும் அதிகாரமும் வைத்திருந்தவர் செய்ததையும், மற்றவர் செய்ததையும் ஒரே சொல்லால் எழுதுவது சரியென்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் சுவரைப் பற்றி எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்தத் தாள் தொங்கும் அறைக்குள் நான் வருவேன். பக்கத்தில் எங்களுடையதும் தொங்கட்டும். தலைப்பு வேண்டாம்.

பதிவு 9 | காத்தான்குடி வாசகன்

தலைப்பு இல்லாமல் இருப்பது எனக்கும் சம்மதம். கோயாவின் தகடுகளில் இலக்கங்களும் இருக்கின்றன, இலக்கம் போதும்.

பதிவு 10 | கல்லடிச் சித்திர ஆசிரியை

தரப்பு வேண்டாம் என்று நான் எழுதியது பயத்தினால்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். 12 பேரில் ஐந்து பேர் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருவார்கள். இரண்டு பாடசாலைகளில் உள்ள என் நண்பிகளோடு பேசிவிட்டேன். படங்களுக்குக் கீழே இலக்கமும், ஊரும், மாதமும், வருடமும் மட்டும் எழுதப்படும். எந்தப் பிள்ளையும் தான் காணாத உடலைக் கீறக் கூடாது என்றும் தீர்மானித்திருக்கிறேன். வீட்டில் கேட்டதைக் கீறலாம், இணையத்தில் பார்த்ததைப் பார்த்துக் கீற வேண்டாம். இந்த விதி சரியா என்று எனக்கே முழு நிச்சயமில்லை.

இனிப் பொருட்களைப் பற்றிச் சொல்லுங்கள். செப்புத்தகட்டின் விலையைக் கேட்டுத் திகைத்துப்போயிருக்கிறேன்.

பதிவு 11 | கல்முனை றேடியோக் கடை

ஓவியம் பற்றி இதுவரை பேசியதெல்லாம் எனக்குப் புதியவை. திராவகம் பற்றி நீங்கள் பேசுவது எனக்குப் பழையது. சேர்க்கிட் போர்டு செய்வதற்காக முப்பது வருடமாக நானும் செம்பைத்தான் அரித்துக்கொண்டிருக்கிறேன். ஃபெரிக் குளோரைட் போதும். நைட்ரிக் அமிலம் போலப் புகை கக்காது. ஆனால் அது துணியில் பட்டால் அந்தக் கறை சீவியத்துக்கும் போகாது. என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

செம்பு விலை என்றால் அலுமினியத்துக்குப் போங்கள். அச்சகங்களில் ஒருமுறை பாவித்து ஒதுக்கிய ஒஃப்செட் தகடுகள் நிறுவைக் கணக்கில் கிடைக்கும். அதற்கு ஃபெரிக் குளோரைட் கூடாது, கொதித்துப் பொங்கிவிடும். மயில்துத்தத்தையும் கறியுப்பையும் தண்ணீரில் கரைத்தால் அதுவே அலுமினியத்தை அரிக்கும். மயில்துத்தம் விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அரிக்கும்போது செம்பு சிவப்புச் சேறு போல மேலே படியும். கோழி இறகால் தட்டிவிட வேண்டும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி கட்டாயம்.

அழுத்துவதற்குக் கரும்புச் சாறு பிழியும் மெசின் சரிவருமா?

பதிவு 12 | செப்புத்தகடு

கரும்பு மெசினின் உருளையில் வரிப்பள்ளம் இருக்கும் நண்பரே. தாளில் படத்தோடு அந்த வரிகளும் சேர்ந்து விழும். ஆனால் உங்கள் யோசனையின் திசை சரியானது. மொனராகலைப் பக்கத்தில் இறப்பர்ச் சீட் அடிக்கும் பழைய கைமெசின் ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். உருளை வழுவழுப்பான இரும்பு. அதற்கு ஓர் இரும்புப் பலகை பொருத்திச் சிறிய தகடுகளை அடித்திருக்கிறேன். பயிற்சிக்குக் கொண்டுவருகிறேன். கழுவிய கரைசலை வாவியில் ஊற்றவிடாதீர்கள்; அதில் செம்பு இருக்கிறது, மீனுக்கு நஞ்சு. சலவைச் சோடா போட்டு அடையவைத்துத் தெளிந்த பிறகு என்ன செய்வது என்பதை நேரில் சொல்கிறேன்.

இத்தனை பதிவுகளில் அந்த இரண்டாவது மாணவியின் கேள்வியை நாம் எல்லோரும் சுற்றிப் போய்விட்டோம். முகம் தெரியாத சித்தப்பாவை எப்படிக் கீறுவது? அவளுக்குச் சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ தொடரைக் காட்டுங்கள். 1921-இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். எச்சிங்கில் தேர்ந்த கை. 1970-களில் அவர் மையையும் உருவத்தையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். களிமண்ணைக் கத்தியால் கிழித்து, அதிலிருந்து சீமெந்து அச்சு எடுத்து, அதற்குள் காகிதக் கூழை ஊற்றி வார்த்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. பக்கத்திலிருந்து விளக்கைப் பிடித்தால்தான் நிழல் விழுந்து தெரியும்.

நம்முடைய மெசினிலும் மை பூசாமல் தகட்டை அழுத்தலாம். முகம் கீற வேண்டியதில்லை.

பதிவு 13 | கல்லடிச் சித்திர ஆசிரியை

பயிற்சி தொடங்குமுன் என் வீட்டு முற்றத்தில் மூன்று மாணவிகளோடு ஒரு முன்னோட்டம் செய்து பார்த்தோம். ஐயா மெசினோடு வந்திருந்தார். முதல் தகட்டில் ஒருத்தி ‘1990 செப்டெம்பர்’ என்று நேராக எழுதிவிட்டாள். அச்சில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

மற்றவள் முகத்தைக் கீறவில்லை. கடப்படியில் சாத்தியிருக்கும் ஒரு சைக்கிளைக் கீறினாள். சித்தப்பா அன்று சைக்கிளை வைத்துவிட்டு நடந்துதான் போனார் என்று தாய் சொல்லியிருக்கிறார். மை பூசி ஒன்றும், பூசாமல் ஒன்றும் அடித்தோம். மாலையில் மகளைக் கூட்டிப்போக வந்த தாய் மை பூசியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மணி மற்றப் பக்கம் எல்லோ இருந்தது. பெருவிரல் படுகிற இடம் தேய்ந்து வெள்ளையாகப் போயிருந்தது” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வீட்டில் இதை ஒருநாளும் சொன்னதில்லை என்று மகள் சொன்னாள். அச்சில் இடம்வலம் மாறியதால் நேர்ந்த பிழைதான். தகட்டைத் திருத்தலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய தகட்டில் மணியோடு மறுபடி கீறச் சொன்னார்.

ஒரு குறை: அழுத்தும்போது தாளுக்கு மேலே போடக் கம்பளித் துணி வேண்டும். பழைய துவாயை மடித்துப் போட்டோம். கோடுகள் பாதிதான் ஏறின.

பதிவு 14 | தம்பிலுவில் அக்கா

மிஸ், எங்கள் வீட்டு றங்குப் பெட்டியில் இரண்டு போர்வைகள் இருக்கின்றன. 1990-இல் முகாமில் கொடுத்தவை. சாம்பல் நிறம், உடம்பில் பட்டால் கடிக்கும். அம்மம்மா ஒன்றையும் எறியவிடமாட்டார். அவை கம்பளிதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவு 15 | செப்புத்தகடு

ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி மணியாகக் கட்டினால் நைலோன் வகை, அது வேண்டாம்.

பதிவு 16 | தம்பிலுவில் அக்கா

மயிர் மணம்தான் வந்தது. ஒன்றை வெட்டிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். மற்றது அம்மம்மா போர்த்துப் படுத்தது, அது வீட்டிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை பொத்துவிலிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.